கேட்குது... ஆனா புரியல!

நான் வானொலியில் பேசிப் பிழைப்பவள். காலை நேர நிகழ்ச்சி. பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிடும் பெற்றோர், சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டவர்கள், கடை திறப்பவர்கள் எனப் பலருக்கும் பசியாறும் நேரத்துத் துணை நான்தான். "உங்க உச்சரிப்பு தெளிவா இருக்கு" என்று முகம் தெரியாத நேயர்கள் சொல்லும்போது மனம் குளிர்ந்துவிடும்.

ஆனால், கிள்ளானில் எங்கள் வீட்டிலேயே ஒரு நேயர் இருக்கிறார். இரண்டு வருடமாக அவர் மட்டும் ஒரே குறையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"உன் மக வார்த்தையை முழுங்குறா. முன்ன மாதிரி இல்ல. வேக வேகமா என்னமோ சொல்லிட்டுப் போறா."

அம்மாவிடம் இப்படிப் புலம்பியவர் என் அப்பா.

எனக்குச் சுருக்கென்றது. பதிவுகளைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். வேகத்தைக் குறைத்துப் பேசிப் பார்த்தேன். அப்பாவின் குறை தீரவில்லை.

வீட்டிலும் சின்னச் சின்னச் சங்கடங்கள். "மேசை மேல காசு வச்சிருக்கேன்" என்று சமையலறையிலிருந்து அம்மா சொன்னால், "காதுக்கு என்ன?" என்று அப்பா கேட்பார். நாங்கள் சிரிப்போம். தீபாவளிக்குச் சொந்தபந்தம் கூடியபோது எல்லாரும் ஒரு கதைக்குச் சிரித்தோம். அப்பா எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, சற்றுத் தாமதமாகச் சிரித்தார். பிறகு, தூக்கம் வருகிறது என்று அறைக்குள் போய்விட்டார். அப்போது மணி எட்டுகூட ஆகவில்லை.

அவருக்குக் கவனம் போதவில்லை என்று நாங்களே முடிவு கட்டினோம். குரலை உயர்த்தினோம். "ஏன் கத்துறீங்க? எனக்குக் காது நல்லாத்தான் கேட்குது!" என்று அவர் கோபப்பட்டார்.

அவர் சொன்னது பொய் இல்லை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

ஒரு குமிழ் சொன்ன உண்மை

நிலையத்தில் எங்கள் ஒலிப் பொறியாளரிடம் இதைச் சொல்லி வருத்தப்பட்டேன். அவர் பதில் பேசாமல் என் நிகழ்ச்சியின் பதிவு ஒன்றை ஓடவிட்டார். ஒலிக்கலவைப் பலகையில் ஒரு குமிழை மெல்லத் திருப்பினார். சத்தம் அதிகம் குறையவில்லை. என் குரல் என்று அடையாளம் தெரிந்தது. ஏற்ற இறக்கமும் அப்படியே இருந்தது. ஆனால், பல வார்த்தைகள் எனக்கே தெளிவாக விளங்கவில்லை. போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு யாரோ பேசுவதுபோல் இருந்தது.

"2,000 ஹெர்ட்ஸுக்கு மேல இருக்கிறதை எடுத்துட்டேன். உங்க அப்பாவுக்கு ஒருவேளை இப்படித்தான் கேட்குதோ என்னவோ" என்றார்.

ஊடகத் துறையில் பட்டம் வாங்கியவள் நான். அலை, அதிர்வெண் எல்லாம் தேர்வுக்காகப் படித்ததுதான். அது என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

பத்துமலைப் படியில் ஓர் அலை

அலை என்றால் என்ன? தைப்பூசத்தன்று பத்துமலையின் 272 படிகளிலும் கூட்டம் நெருக்கியடித்து நிற்பதை நினைத்துப் பாருங்கள். கீழே ஒருவர் லேசாக இடித்தால், அவர் முன்னால் இருப்பவரை இடிப்பார், அவர் அடுத்தவரை. யாரும் தம் படியை விட்டு ஏறியிருக்க மாட்டார்கள். ஆனால், அந்த இடி மட்டும் மேலே போய்ச் சேர்ந்துவிடும். ஒலியும் இப்படித்தான். என் தொண்டையிலிருந்து காற்று கிளம்பி உங்கள் காதுக்கு வருவதில்லை. காற்றுத் துகள்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ள, அந்த இடிதான் வருகிறது. நம் ஊர் வெப்பத்தில் அதன் வேகம் நொடிக்குச் சுமார் 350 மீட்டர்.

ஒளிக்கு இப்படி இடித்துத் தள்ள ஆள் வேண்டியதில்லை. வெற்றிடத்திலும் பாயும். நொடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர். மின்னல் தெரிந்த பிறகு இடி தாமதமாகக் கேட்பது இதனால்தான். மின்னலுக்கும் இடிக்கும் இடையே மூன்று நொடி எண்ணினால், மின்னல் விழுந்த இடம் சுமார் 1 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று அர்த்தம்.

வானொலி அலையும் ஒளியின் குடும்பம்தான். வேகமும் அதே வேகம். கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் வரையிலான தூரத்தைக் கடக்க அதற்குச் சுமார் பத்தாயிரத்தில் ஒரு நொடி போதும். அந்த நேரத்தில் என் குரல் ஒலிப்பதிவு அறைக்குள் நான்கு சென்டிமீட்டரைக்கூடத் தாண்டியிருக்காது! இடையில் உள்ள கருவிகள் கொஞ்சம் தாமதம் செய்யும் என்பது வேறு கதை.

ஆக, என் குரல் கிள்ளான் வரை ஒழுங்காகத்தான் போய்ச் சேர்ந்தது. எங்கள் வீட்டு வானொலிப் பெட்டிக்கும் அப்பாவின் மூளைக்கும் இடையில்தான் வார்த்தை தொலைந்தது.

உயிரெழுத்து வருது, மெய்யெழுத்து வரல

ஒரு நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதுதான் அதிர்வெண். அதன் அலகு ஹெர்ட்ஸ். நல்ல இளம் காது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும்.

நாம் பேசும்போது 'ஆ', 'ஓ', 'ஊ' போன்ற உயிர் ஒலிகளில்தான் பலம் அதிகம். அந்தப் பலம் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. 'ச', 'ஸ', 'த', 'ப' போன்றவை பலம் குறைந்தவை. அவற்றைப் பிரித்துக் காட்டும் அடையாளங்கள் பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் கிடைக்கின்றன. உயிர் ஒலியால் சத்தம் கிடைக்கிறது; அர்த்தத்தைப் பிரித்துக் கொடுப்பது பெரும்பாலும் மெய் ஒலி. காசு, காது, காடு மூன்றுக்கும் உயிர் ஒலிகள் ஒன்றுதான். நடுவில் உள்ள மெய் மங்கிவிட்டால் மூளை ஊகிக்க வேண்டியதுதான்.

பழைய தொலைபேசி இணைப்பு ஏறக்குறைய 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். அதனால்தான் தொலைபேசியில் பெயர் சொல்லும்போது 'எஸ்' என்றால் 'எஃப்' என்று எழுதிக்கொள்வார்கள். நமக்கு எப்போதோ நடக்கும் அந்தக் குழப்பம், அப்பாவுக்கு நாள் முழுவதும்.

சரி, உயர்ந்த ஒலிகள் மட்டும் ஏன் முதலில் போகின்றன? உள்காதில் நத்தைக் கூடுபோல் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. பிறக்கும்போது ஒவ்வொரு காதிலும் அதற்குள் சுமார் 15,000 நுண்ணிய மயிரிழைச் செல்கள். வாசல் பக்கம் இருப்பவை உயர்ந்த அதிர்வெண்களை உணரும். உள்கோடியில் இருப்பவை தாழ்ந்தவற்றை உணரும். முதுமையிலும் சரி, நீண்டகால இரைச்சலிலும் சரி, முதலில் அடிபடுபவை வாசல் பக்கத்துச் செல்கள்தான். போனால் அவை மறுபடி முளைப்பதில்லை.

அப்பா இருபத்தெட்டு வருடம் மரப்பலகை ஆலையில் வேலை செய்தவர். காதுக்கு எந்தக் காப்பும் கிடையாது. அந்த ரம்பத்தின் இரைச்சலில்தான் எங்கள் பள்ளிக் கட்டணம் வந்தது.

சமையலறையிலிருந்து கூப்பிடாதீர்கள்

அலைகளைப் பற்றி மீண்டும் படித்தபோது, என்னை வெட்கப்பட வைத்த விஷயம் ஒன்று இருந்தது. அது அலைநீளம்.

நீண்ட அலை தடையைச் சுற்றி வளைந்து வரும். குட்டை அலைக்கு அவ்வளவாக வளையத் தெரியாது. பக்கத்து வீட்டுக் காராவோக்கேயில் பாட்டு வரி புரியாது, 'டும் டும்' மட்டும் நம் படுக்கையறை வரை வருகிறதல்லவா? நீண்ட அலைகள் மூலை முடுக்கெல்லாம் வளைந்து வருகின்றன. சுவரும் அவற்றை அவ்வளவாகத் தடுப்பதில்லை.

வீட்டு வாசற்படி ஏறக்குறைய 80 சென்டிமீட்டர் அகலம். 200 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 1.75 மீட்டர். அது வாசலைத் தாண்டியதும் நாலா பக்கமும் விரிந்து பரவும். 4,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 9 சென்டிமீட்டர்தான். அது பெரும்பாலும் நேராகப் போய்விடும். ஒளி இன்னும் மோசம். அதன் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் மூலையைத் திரும்பி வரவே வராது.

இப்போது எங்கள் வீட்டுக் காட்சியை நினைத்துப் பாருங்கள். சமையலறையிலிருந்து அம்மா குரல் கொடுக்கிறார். கூடத்தில் இருக்கும் அப்பாவுக்கு வளைந்து வந்து சேர்வது பெரும்பாலும் அவருக்கு ஏற்கெனவே கேட்கும் தாழ்ந்த ஒலிகள். அவருக்குத் தேவையான உயர்ந்த ஒலிகள் வழியிலேயே குறைந்துபோகின்றன. ஒளி வளையாததால் அம்மாவின் உதட்டசைவும் தெரிவதில்லை. கத்தினாலும் பயனில்லை. கத்தும்போது உயிர் ஒலிக்குத்தான் அதிகப் பலம் கூடுகிறது. ஏற்கெனவே கேட்பதை இன்னும் உரக்கக் கேட்க வைத்துவிட்டு, கவனம் இல்லை என்று அவரையே குறை சொல்லியிருக்கிறோம்.

"நான் என்ன செவிடனா?"

பரிசோதனைக்குக் கூப்பிட்டபோது அப்பா இப்படித்தான் கேட்டார். இரண்டு மாதம் பிடிவாதம். கடைசியில், நிலையத்தில் செய்ததுபோல் உயர்ந்த ஒலிகளை நீக்கிய பதிவை அம்மாவுக்கும் தம்பிக்கும் போட்டுக் காட்டினேன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்த அப்பா, "இதுல என்ன இருக்கு? எப்பவும் போலத்தானே இருக்கு" என்றார். எங்கள் முகங்களைப் பார்த்த பிறகு அவரே, "சரி, எப்ப போகணும்?" என்றார்.

பரிசோதனை வரைபடத்தில் கோடு இடது பக்கம் சமமாக ஓடி, வலது பக்கம் பள்ளத்தில் விழுந்தது. தாழ்ந்த ஒலிகள் ஏறக்குறைய சரி, உயர்ந்தவைதான் போய்விட்டன. அவருக்குப் பொருத்திய காது கேட்கும் கருவி எல்லாச் சத்தத்தையும் சமமாகக் கூட்டுவதில்லை. குறைந்திருக்கும் அதிர்வெண்களைப் பார்த்துக் கூட்டுகிறது. இழந்த செல்களை அது திருப்பித் தராது. முதல் வாரம் தட்டு உரசும் சத்தமே அப்பாவை எரிச்சல்படுத்தியது. பழகச் சில வாரங்கள் ஆயின.

வீட்டிலும் சிலவற்றை மாற்றிக்கொண்டோம். பேசுவதற்கு முன் அப்பாவின் எதிரே போய் நிற்கிறோம், முகத்தில் வெளிச்சம் விழும்படி. தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுப் பேசுகிறோம். புரியவில்லை என்றால் அதே வார்த்தையைக் கத்துவதில்லை. வேறு வார்த்தையில் சொல்கிறோம். 'காசு' புரியாவிட்டால் 'பத்து வெள்ளி' என்றால் முடிந்தது.

இளையவர்களுக்கும் ஒரு வார்த்தை. நாள் முழுக்கக் காதொலிக் கருவியோடு இருக்கும் எனக்கும் சேர்த்துத்தான் இது. 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிறது. பாதுகாப்பாகக் கேட்கும் நேரமும் பாதியாகிறது. 83 டெசிபல் என்றால் 20 மணி நேரம், 86 என்றால் 10 மணி நேரம். ரயில் இரைச்சலை மறைக்க ஒலியைக் கூட்டும்போதெல்லாம் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சாயங்காலம் அப்பா கூரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "என்னப்பா?" என்றேன். "பல்லி கத்துதும்மா. வீட்டுல பல்லியே இல்லன்னு நெனச்சிட்டு இருந்தேன்" என்றார்.

மறுநாள் நிகழ்ச்சி முடிந்ததும் அவரிடமிருந்து அழைப்பு. இப்போது வார்த்தை எல்லாம் தெளிவாகக் கேட்கிறதாம். ஆனால், பாட்டு போடுவதைவிட நான் பேசுவதுதான் அதிகமாக இருக்கிறதாம்.

இந்தக் குறையை மட்டும் நான் ஒப்புக்கொள்கிறேன்.