திருவனந்தபுரத்தில் ஒரு பகல்: ஏடும் இலையும்

விடுமுறைக்கு ஊர் செல்லும் நம் சங்கக் குடும்பங்களில் தென்மாவட்டத்துக்காரர்கள் பலர் திருவனந்தபுரம் விமான நிலையத்தில்தான் இறங்குகிறார்கள். நாகர்கோவில் அங்கிருந்து சுமார் 70 கிலோமீட்டர். இறங்கியதும் வண்டி பிடித்து ஊருக்குப் பறந்துவிடுவது வழக்கம். ஒருநாள் தங்கினால் பத்மநாபசுவாமி கோயில், கோவளம் கடற்கரை, சாலைக் கடைத்தெரு, அவ்வளவுதான். பிள்ளைகளோடு செல்பவர்கள் இவற்றோடு பாளையத்தில் உள்ள பொது நூலகத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம். அதற்குப் பிறகு சாப்பாடு. அதைப் பற்றியும் சொல்ல நிறைய இருக்கிறது.

இந்த நூலகம் 1829ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. இளம் வயதினரான சுவாதித் திருநாள் மகாராஜா ஆட்சிப் பொறுப்பை ஏற்ற ஆண்டும் அதுவே. அவருக்கு ஆங்கிலம் கற்பித்து, பின்பு திவானாகவும் இருந்த சுப்பாராவ் தஞ்சாவூரிலிருந்து வந்தவர். அவர் அவையில் இசையும் நடனமும் வளர்த்த வடிவேலு, தஞ்சை நால்வருள் ஒருவர். கல்கத்தாவில் பொது நூலகம் ஏற்பட்டது 1836இல். நம் சென்னைக் கன்னிமாரா நூலகம் திறக்கப்பட்டது 1896இல். ஆகவே, இந்தியாவின் முதல் பொது நூலகம் தங்களுடையதுதான் என்று திருவனந்தபுரத்துக்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில் நியாயம் உண்டு.

ஆனால் பெயர்தான் பொது. தொடக்கத்தில் வெள்ளைக்கார அதிகாரிகளும் மேல்தட்டினரும் மட்டுமே அங்கே படித்தார்கள். 1898இல் அது திருவிதாங்கூர் அரசின் பொறுப்புக்கு வந்தது. விக்டோரியா அரசியாரின் வைரவிழா நினைவாக 1900இல் இன்றைய கட்டடம் எழுந்தது. கூரான வளைவுகளும் உயர்ந்த சன்னல்களுமாக ஐரோப்பியத் தேவாலயம் போலத் தோன்றும். மூலம் திருநாள் மகாராஜா காலத்துக் கட்டடம் அது. கேரளம் அமைந்த பின் அதுவே மாநில மத்திய நூலகம் ஆயிற்று. வருபவர் யார், என்ன உடுத்தியிருக்கிறார் என்று இன்று யாரும் கேட்பதில்லை. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களும் பென்ஷன் வாங்கும் பெரியவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்திருப்பார்கள். கட்டடத்தைவிட அந்தக் காட்சியைத்தான் நம் பிள்ளைகள் பார்க்க வேண்டும்.

இதற்குள் இன்னொரு செய்தி. நூலகத்துக்கு அருகிலுள்ள பாளையம் சந்தையின் பழைய பெயர் கன்னிமாரா சந்தை. சென்னை மாகாண ஆளுநராக இருந்த அதே கன்னிமாரா பிரபுதான்! சென்னையில் அவர் பெயரை நூலகத்துக்கு வைத்தார்கள். இங்கே மீனும் காய்கறியும் விற்கும் இடத்துக்கு வைத்தார்கள். இரண்டும் மக்கள் கூடும் இடங்கள் என்ற வகையில் தவறில்லை.

நமக்கு முக்கியமான விஷயம் இனிமேல்தான். இந்நூலகத்தில் மலையாளம், ஆங்கிலம், இந்தி, சமஸ்கிருதம் ஆகியவற்றோடு தமிழ் நூல்களும் உண்டு. இது யாரோ போட்ட பிச்சையன்று. 1956 நவம்பர் 1ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணையும்வரை நாஞ்சில் நாட்டுத் தமிழருக்குத் தலைநகரம் திருவனந்தபுரமே. கரமனையிலும் வலியசாலையிலும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. நம் சங்க விழாக்களில் எழுந்து நின்று பாடுகிறோமே, அந்தத் தமிழ்த்தாய் வாழ்த்து 1891இல் வெளியான 'மனோன்மணீயம்' நாடகத்தின் முகப்பில் உள்ளது. அதை எழுதிய சுந்தரம் பிள்ளை இந்நகரத்துக் கல்லூரியில் தத்துவம் கற்பித்தவர். அக்கல்லூரிதான் இன்றைய யுனிவர்சிட்டி காலேஜ். நூலகத்திலிருந்து பொடிநடையாகப் போய்விடலாம். நம் காலத்துக்கு வந்தால், ஆங்கிலப் பேராசிரியராக இருந்துகொண்டு தமிழில் எழுதிய நகுலன், மின்வாரியப் பொறியாளர் நீல.பத்மநாபன், சாலைக் கடைத்தெருவில் கடை வைத்திருந்துகொண்டே அந்தத் தெருவைக் கதைகளாக்கிய ஆ.மாதவன் என்று ஒரு வரிசையே இங்கிருந்து எழுதியிருக்கிறது. பிறமொழி சூழ்ந்த ஊரில் இருந்து தமிழ் எழுதியவர்கள் என்பதால் இவர்கள் நமக்குக் கூடுதல் நெருக்கம்.

எந்த நூலகமும் கேட்பாரற்ற புத்தகத்துக்கு நெடுநாள் இடம் கொடுக்காது. எடுத்துப் படிக்க ஆள் இருந்தால்தான் அடுத்த ஆண்டு அந்த மொழியில் புதிய நூல்களை வாங்குவார்கள். வெளியூரிலிருந்து செல்லும் நாம் இரவல் வாங்க முடியாது. அதற்கு உறுப்பினராக வேண்டும். ஆனால் நுழைவாயிலில் சொல்லிவிட்டு உள்ளே போகலாம். தமிழ்ப் புத்தகங்கள் எங்கே என்று கேட்கலாம். தமிழில் கேட்டாலே பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள். சிறுவர் பகுதியையும் விட்டுவிடாதீர்கள். ஊரில் அட்டை கிழிந்த பழைய பத்திரிகைகளை மூட்டை கட்டி நூலகத்துக்குத் தானம் செய்யும் பழக்கம் நம்மவரிடம் உண்டு. அதை அன்புகூர்ந்து தவிர்க்கவும். எந்த நூல் வேண்டும் என்று கேட்டறிந்து நல்ல பிரதியாகக் கொடுத்தால் பயன் உண்டு.

இதே பாடம் நாம் வாழும் ஊருக்கும் பொருந்தும். தமிழை ஆட்சிமொழிகளுள் ஒன்றாகக் கொண்ட சிங்கப்பூரை விடுங்கள். டொராண்டோ நகர நூலகமும் தமிழ் நூல்களை இரவல் தருகிறது. வாரந்தோறும் பிள்ளைகளை நூலகத்துக்குக் கூட்டிப்போகும் நம் பெற்றோரில் எத்தனை பேர் அங்குள்ள அலுவலரிடம் தமிழ்ப் புத்தகம் கேட்டிருக்கிறோம்?

புறப்படும் முன் நூலகம் திறந்திருக்கும் நேரத்தைத் தொலைபேசியில் விசாரித்துக்கொள்ளுங்கள். ஓணத்தை ஒட்டி அரசு அலுவலகங்களுக்குத் தொடர்ச்சியாக விடுமுறை விடுவார்கள். நம்மில் பலர் ஊர் போவதும் அந்த மாதங்களில்தான்.

இனி சாப்பாடு. மதியம் இலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் இளஞ்சிவப்பு நிறத்தில் வெந்நீர் வரும். பிள்ளைகள் சாயத் தண்ணீர் என்று முகம் சுளிக்கலாம். பதிமுகம் என்ற மரத்தின் சீவலைப் போட்டுக் கொதிக்கவைத்த குடிநீர் அது. கொதித்த நீர் என்பதால் வெளிநாட்டிலிருந்து வரும் வயிற்றுக்கு நல்லதுதான். மலையாளத்தில் தண்ணீருக்கு 'வெள்ளம்' என்று பெயர். "வெள்ளம் வேணோ?" என்று பரிமாறுபவர் கேட்டால் பயந்துவிட வேண்டாம். போதும் என்பதற்கு 'மதி'. இந்த ஒரு சொல் தெரியாவிட்டால் இலையில் சோறு மலையாகிவிடும்! சிவப்புப் புழுங்கலரிசிச் சோறு பருமனாக இருக்கும். பழக்கமில்லாதவர்கள் வெள்ளைச் சோறு கேட்டு வாங்கலாம்.

விருந்துச் சாப்பாடு, அதாவது சத்யை, கிடைத்தால் ஒன்றைக் கவனியுங்கள். முதலில் பருப்பும் நெய்யும், பிறகு சாம்பார், அதற்குப் பின் பாயசம். பாயசம் வந்துவிட்டதே, விருந்து முடிந்தது என்று எண்ணி இலையை மடித்துவிடாதீர்கள். அதன்பின் புளிசேரி, ரசம், மோர் என்று மறுபடியும் சோறு வரும். இந்நகரத்துச் சிறப்பு, பாயசத்தோடு போளி. போளியை இலையில் பிய்த்துப்போட்டு, பாயசத்தை ஊற்றிப் பிசைந்து சாப்பிடுவார்கள். வடக்குக் கேரளத்துக்காரர்களுக்கே இது வியப்பு. நாஞ்சில் நாட்டுக் கல்யாண வீடுகளை அறிந்தவர்களுக்குப் பழைய பழக்கம்.

மாலைச் சிற்றுண்டிக்குத் தம்பானூர் போங்கள். ரயில் நிலையத்துக்கும் பேருந்து நிலையத்துக்கும் அருகே செங்கல்லால் கட்டிய உருண்டைக் கோபுரம் ஒன்று நிற்கும். அதுதான் இந்தியன் காபி ஹவுஸ். கட்டியவர் லாரி பேக்கர். இங்கிலாந்தில் 1917இல் பிறந்து, இந்தியக் குடிமகனாகி, 2007இல் இதே நகரில் மறைந்தவர். வீண்செலவில்லாமல் உள்ளூர்ப் பொருளைக் கொண்டு கட்ட வேண்டும் என்பது அவர் கொள்கை. உள்ளே மாடிப்படி கிடையாது. தரையே சரிவாகச் சுற்றிச் சுற்றி மேலே ஏறும். மேசையும் இருக்கையும் சுவரோடு சேர்த்தே கட்டப்பட்டவை. செங்கல் துளைகள் வழியே வெளிச்சமும் காற்றும் வரும், மின்விசிறியை நம்பி இருக்க வேண்டியதில்லை.

நூலகம் கைமாறிய கதைபோல இதற்கும் ஒரு கதை உண்டு. 1950களில் காபி போர்டு தன் காபிக் கடைகளை மூடத் தொடங்கியபோது வேலை இழந்த தொழிலாளர்கள், ஏ.கே.கோபாலன் ஊக்கத்தில் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்துத் தாங்களே கடைகளை நடத்தலானார்கள். கேரளத்தில் 1958இல் திருச்சூரில் ஆரம்பமாயிற்று. விசிறித் தலைப்பாகையோடு நம்மிடம் காபி கொண்டுவந்து வைக்கும் வழக்கம் அந்தக் கடைகளிலிருந்து வந்ததே. இங்கு முதலாளி என்று தனியாக ஒருவர் இல்லை.

மசால் தோசையை வாங்கிப் பிரித்தால் உள்ளே மசாலா சிவப்பாக இருக்கும், கட்லெட்டும் அப்படியே. காரம் என்று நினைத்து ஒதுக்கிவிட வேண்டாம், எல்லாம் பீட்ரூட்தான். சிறு குழந்தைகளோடு போனால் கீழ்ச்சுற்றிலேயே உட்கார்ந்துகொள்ளுங்கள். மேலே போனால் சரிவில் அவர்கள் ஓடும் ஓட்டத்தில் உங்கள் காபி ஆறிவிடும்.