வீட்டுக் கணிப்பொறியின் கோளாறுகளும் பரிகாரமும்

மும்பையிலுள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் 1960ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய டிஃப்ராக் என்னும் கணிப்பொறி, இந்திய நிபுணர்களாலேயே நிர்மாணிக்கப்பட்டதாகும். அதில் 2,000க்கும் மேற்பட்ட வெற்றிடக் குழல்கள் இருந்தன. அத்தகைய யந்திரங்களைக் கண்காணிக்கப் பொறியியலாளர் எப்பொழுதும் அருகிலேயே இருப்பர். இன்று அதனினும் பன்மடங்கு ஆற்றல் வாய்ந்த கணிப்பொறி சாதாரணக் குடும்பத்தின் மேசை மீது இருக்கின்றது. ஆனால் பொறியியலாளர் அருகில் இல்லை. குடும்பத்தின் புகைப்படங்கள், குழந்தைகளின் பாடக் குறிப்புகள், வங்கிக் கணக்கு விவரங்கள் ஆகிய யாவும் அதனுள்ளே அடங்கியுள்ளன. அது திடீரென நின்றுவிடின், உபயோகிப்பவர் ஆற்ற வேண்டுவது யாது?

திருவனந்தபுரத்தில் ஒரு முயற்சி

நாட்டின் முதல் தொழில்நுட்பப் பூங்காவான டெக்னோபார்க் 1990ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தில் நிறுவப்பட்டது. அதே நகரின் பூஜப்புரையைத் தலைமையிடமாகக் கொண்டு, பள்ளிகளின் தொழில்நுட்பக் கல்விக்கான 'கைட்' என்னும் அரசு நிறுவனம் பணியாற்றி வருகின்றது. 2018ஆம் ஆண்டு அது தொடங்கிய 'லிட்டில் கைட்ஸ்' குழுக்களில் பள்ளி மாணவர் கணிப்பொறியின் உறுப்புகளையும், இணையப் பாதுகாப்பையும், மலையாளத் தட்டச்சையும் கற்கின்றனர். தம் பள்ளிக் கணிப்பொறிகளைப் பேணுவதிலும் துணை நிற்கின்றனர். இம்மாவட்டத்தின் புல்லம்பாறை கிராமப் பஞ்சாயத்து, முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற பஞ்சாயத்தாக 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. தொண்டர்கள் வீடுகளுக்கும் வேலையுறுதித் திட்டப் பணியிடங்களுக்கும் சென்று முதியோருக்கும் பயிற்சி அளித்தனர். 2025ஆம் ஆண்டு ஆகஸ்டில் மாநிலம் முழுமைக்கும் இவ்வறிவிப்பு வெளியாயிற்று.

சாதனத்தை இயக்கக் கற்பது முதற்படியே. அது பழுதுறும்போது கலங்காதிருக்கக் கற்பது அடுத்த படியாகும். பள்ளி மாணவருக்குக் கைவந்த இவ்வித்தை மற்றையோருக்கும் எட்டாததன்று.

காரணத்தைப் பிரித்தறியும் முறை

கணிப்பொறியை ஒரு சங்கிலியாகக் கருதலாம். மின்சாரம், யந்திர உறுப்புகள், இயக்க முறைமை, செயலிகள், இணையத் தொடர்பு என்பன அதன் கண்ணிகள். எக்கண்ணி அறுந்தது என்பதை அறிந்தாலே பாதி வேலை முடிந்தது எனலாம். உதாரணமாக, ஓர் இணையதளம் திறக்கவில்லையெனில் வேறொரு தளத்தைத் திறந்து பார்த்தல் வேண்டும். அது திறந்தால் பழுது முதல் தளத்தினுடையது. எத்தளமும் திறக்கவில்லையெனில், அதே வைஃபையில் கைப்பேசி இயங்குகின்றதா என நோக்க வேண்டும். கைப்பேசி இயங்கின் குறை கணிப்பொறியில் உள்ளது. அதுவும் இயங்காவிடின் ரூட்டரிலோ வெளி இணைப்பிலோ உள்ளது. இரண்டே சோதனைகளில் குறையின் இருப்பிடம் புலனாகிவிடுகின்றது.

இம்முறைக்கு இரு விதிகள் உண்டு. முதலாவது, திரையில் தோன்றும் பிழைச் செய்தியை எழுத்துக்கு எழுத்து குறித்துக்கொள்ளுதல். இரண்டாவது, ஒரு வேளையில் ஒரே மாற்றத்தைச் செய்து பயனைக் காணுதல். பல மாற்றங்களை ஒருங்கே செய்வோர், குறை நீங்கினும் அதன் காரணத்தை அறியார்.

சில பொதுவான கோளாறுகள்

பாதுகாப்பான தளங்கள் யாவும் திடீரெனத் திறக்க மறுப்பதுண்டு. பெரும்பாலோர் இணையச் சேவையைக் குறை கூறுவர். ஆயின் உண்மைக் காரணம் சில வேளைகளில் ஒரு சிறு மின்கலமாக இருக்கும். கணிப்பொறி அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓட்டுவதற்காக, மேசைக் கணிப்பொறிகளின் தாய்ப்பலகையில் நாணய வடிவமான 3 வோல்ட் மின்கலம் பொருத்தப்பட்டிருக்கும். அது தீர்ந்துவிடின் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடும். ஒவ்வொரு தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழும் குறிப்பிட்ட காலத்திற்கே செல்லுமாதலின், தவறான தேதியுள்ள கணிப்பொறி அச்சான்றிதழை ஏற்பதில்லை. தேதியைத் திருத்தி, மின்கலத்தை மாற்றினால் குறை தீரும்.

மந்த கதி மற்றொரு குறையாகும். காற்றாடியில் தூசி படிந்து வெப்பம் மிகும்போது, நுண்செயலி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றது. சேமிப்பகம் ஏறக்குறைய நிரம்பியிருப்பினும் வேகம் குன்றும். மீண்டும் தொடங்குவதால் நினைவகத்தில் தேங்கியவை அகலும். விண்டோஸ் முறைமையில், 'விரைவுத் தொடக்கம்' என்னும் ஏற்பாடு இயங்குமாயின், அணைத்தலும் மீண்டும் தொடங்குதலும் ஒன்றல்ல. அணைக்கும்போது முறைமையின் ஒரு பகுதி வட்டில் பாதுகாக்கப்பட்டு, மறுமுறை அப்படியே திரும்புகின்றது. ஆகவே, 'ரீஸ்டார்ட்' என்பதையே தேர்ந்தெடுத்தல் நலம்.

தூசியை அகற்றுமுன் மின் இணைப்பை முற்றிலும் துண்டித்தல் வேண்டும். மின்வழங்கிப் பெட்டியை மட்டும் எக்காரணத்தாலும் திறத்தல் கூடாது. இணைப்பைத் துண்டித்த பின்னரும் அதனுள் உள்ள மின்தேக்கிகளில் அபாயகரமான மின்னழுத்தம் எஞ்சியிருக்கக் கூடும்.

மின்னலும் கணிப்பொறியும்

கேரளத்தில் கோடை மழைக் காலத்திலும் துலாவர்ஷக் காலத்திலும் பிற்பகலில் இடி மின்னல் மிகுதி. பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை விழிப்புடன் இருக்கவும், மின்சாதனங்களின் இணைப்பைத் துண்டிக்கவும் மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அறிவுறுத்துகின்றது. விசையை அணைத்தல் மட்டும் போதாது. செருகியைக் கழற்றுதல் வேண்டும். மின்னலால் எழும் மின்னோட்டம் செம்புக் கம்பி வழியாகவும் வருமாதலின், இணையக் கம்பியையும் கழற்றுதல் அவசியம். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆயினும் அதன் முனையிலுள்ள சாதனம் மின்சாரத்தால் இயங்குவதே. இடி முழங்கத் தொடங்குமுன் இவற்றைச் செய்தல் வேண்டும். தொடங்கிய பின் கம்பிகளைத் தொடுதல் ஆபத்தாகும்.

பழுதைவிடக் கொடியது

பழுதான உறுப்பை விலைக்கு வாங்கலாம். இழந்த புகைப்படத்தை வாங்குதல் இயலாது. ஆகையால் முக்கியமான கோப்புகளின் நகல் ஒன்று கணிப்பொறிக்கு வெளியே எப்பொழுதும் இருத்தல் வேண்டும். வட்டிலிருந்து வழக்கத்திற்கு மாறான ஒலி எழுந்தால், பிற சோதனைகளை நிறுத்திவிட்டு நிபுணரை நாடுவதே விவேகம்.

வஞ்சகரோ பழுதினும் கொடியவர். 'தங்கள் கணிப்பொறியில் வைரஸ் புகுந்துள்ளது. உடனே இவ்வெண்ணை அழையுங்கள்' எனத் திரையில் அறிவிப்பொன்று தோன்றும். அழைப்பவரை ஒரு செயலியை நிறுவச் செய்து, யந்திரத்தைத் தொலைவிலிருந்தே கைப்பற்றி, வங்கிப் பணத்தை அபகரிப்பர். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் உண்மையான எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் இராது. அத்தகைய அறிவிப்பு தோன்றின், உலாவியை மூடுவதோ, கணிப்பொறியை அணைப்பதோ போதும். பணம் இழந்தோர் தாமதமின்றி 1930 என்னும் எண்ணில் முறையிட வேண்டும். தீய நிரல்களை அகற்றும் இலவசக் கருவிகளை, 2017ஆம் ஆண்டு மத்திய அரசு தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திரம் வழங்குகின்றது.

வஞ்சகர் நம்பியிருப்பது உபயோகிப்போரின் அச்சத்தையே. எக்கண்ணி அறுந்தது என்பதை நிதானமாய்ச் சோதிக்கப் பழகியவர், அறிமுகமற்ற குரலுக்கு அஞ்சிப் பணத்தை இழக்கமாட்டார். பழுதைத் தாமே நீக்க இயலாதபோதும், அதன் இருப்பிடத்தைப் பழுதுபார்ப்போரிடம் தெளிவாக எடுத்துரைத்து, வீண் செலவையும் தவிர்ப்பார்.