வலி வருமுன் மலையிறங்க வேண்டும்

2022 டிசம்பரில் ஒரு நள்ளிரவு. பாலக்காடு மாவட்டம் அட்டப்பாடியில், கடுகுமண்ணா என்னும் குறும்பர் ஊரில் நிறைமாதப் பெண் ஒருவருக்கு வலி கண்டது. ஊர் வரை ஆம்புலன்ஸ் வர வழியில்லை. உறவினர்கள் துணியைத் தொட்டில் போலக் கட்டினார்கள். அதில் அவரைக் கிடத்தி, காட்டுப் பாதையில் தூக்கிக்கொண்டு வண்டி நிற்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். கோட்டத்தறை அரசு பழங்குடியினர் சிறப்பு மருத்துவமனையில் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது.

சிக்கல் எதுவும் இல்லாத பிரசவம் அது. அதற்கே இந்தப் பாடு.

அதே துணித் தொட்டிலில் கிடப்பவருக்கு உதிரப்போக்கு தொடங்கியிருந்தால்? பிரசவம் நெருங்கும் நாட்களில் கருப்பைக்குப் பாயும் ரத்தம் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல். பிள்ளை பிறந்ததும் கருப்பை சுருங்கி அந்தக் குழாய்களை நெரித்து மூட வேண்டும். சுருங்கவில்லை என்றால், சிகிச்சை எட்டாத தாயின் உயிர் இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம் என்பது மகப்பேறு மருத்துவர்கள் கைக்கொள்ளும் கணக்கு. சமவெளியில் இரண்டு மணி நேரம் என்பது ஓரளவு பெரிய அவகாசம். மலையில் அது பாதி வழி.

அட்டப்பாடி 745 சதுர கிலோமீட்டர். இருளர், முடுகர், குறும்பர் என்று மூன்று பழங்குடிகள். ஊர்கள் 190-க்கும் மேல். மேற்கே மண்ணார்க்காட்டுக்குக் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க வேண்டும். கிழக்கே ஆனைகட்டியில் கொடுங்கரைப் பள்ளத்தைத் தாண்டினால் தமிழ்நாடு, அங்கிருந்து கோவை. 2013-இல் இங்கே அடுத்தடுத்துப் பச்சிளம் குழந்தைகள் இறந்தபோதுதான் நாடு இந்த மலையைத் திரும்பிப் பார்த்தது. பிள்ளைகள் எடை குறைந்து பிறந்தன, பெற்றவர்களுக்கு ரத்தசோகை. அந்த ஆண்டே ஊர்களில் சமுதாயச் சமையற்கூடங்கள் வந்தன. பசி ஒரு பெரிய காரணம்தான், மறுக்க முடியாது. ஆனால் இங்குள்ள ரத்தசோகை முழுவதும் பசியால் வந்ததல்ல.

அட்டப்பாடிக்கு வடக்கே நிற்கிற மலை நீலகிரி. அங்குள்ள இருளர் முதலான பழங்குடிகளிடம் லேமன், கட்புஷ் என்னும் இரு ஆய்வாளர்கள் ஒரு வினோதமான சிவப்பணுவைக் கண்டு 1952-இல் எழுதினார்கள். ஆக்ஸிஜன் குறைந்ததும் வட்டம் கலைந்து அரிவாள்போல வளைந்துவிடும் அணு அது. மலையாளத்தில் இந்த நோய்க்கு அரிவாள் ரோகம் என்றே பெயர். நமக்கும் அதே அரிவாள்தான்.

சாதாரணச் சிவப்பணு 120 நாள் வாழும். அரிவாள் அணு 10 முதல் 20 நாளில் உடைந்துபோகும். உடைவதற்குள் மெல்லிய குழாய்களில் சிக்கி அடைத்துக்கொள்ளும். அந்த இடத்தில் எலும்பைப் பிளக்கிறாற்போல வலி. தாய், தந்தை இருவரிடமும் இந்த மரபணு ஒவ்வொன்று இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஒருவரிடமிருந்து மட்டும் அந்த மரபணுவைப் பெற்ற பிள்ளை பெரும்பாலும் நலமாகவே வளரும். தன்னிடம் அது இருப்பது தெரியாமலே கல்யாணமும் செய்துகொள்ளும்.

நோயுள்ள பெண் கருவுற்றால், இருவருக்கான ரத்தத்தைத் தரப் போதாத ஓர் உடம்பு அந்த வேலையை ஏற்கிறது. வலித் தாக்குதல்கள் கூடும். ரத்தக் கொதிப்பு ஏறலாம், குறைப்பிரசவம் ஆகலாம், குழந்தையின் எடை குறையலாம். எல்லாவற்றிலும் அச்சுறுத்துவது நெஞ்சுத் தாக்குதல்: காய்ச்சல், இருமல், மூச்சுத் திணறல் என்று சளிபோலத் தொடங்கி, சில மணி நேரத்தில் நுரையீரலை முடக்கிவிடும். இதைச் சாதாரணச் சளி என்று நினைத்து விடியட்டும் என்று காத்திருப்பது ஆபத்து.

இதைச் சமாளிக்கும் வழிகள் எளிமையானவை என்பதே மனதைக் கனக்கச் செய்கிறது. ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், கருத்தரிக்கும் முன்பே மருத்துவர் அதை நிறுத்தச் சொல்வார். ஃபோலிக் அமிலம் கூடுதல் அளவில் தேவை. ரத்தக் கொதிப்பைத் தடுக்க மூன்றாம் மாத முடிவிலிருந்து சிறிய அளவு ஆஸ்பிரின் தருவார்கள். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், குளிர் படாமல் இருக்க வேண்டும். இன்னொன்று, பலரும் தவறவிடுவது: ஹீமோகுளோபின் குறைந்ததைப் பார்த்த உடனே இரும்புச்சத்து மாத்திரையை நீட்டக் கூடாது. இங்கே ரத்தம் குறைவது அணுக்கள் உடைவதால். இரும்புச்சத்துக் குறைவும் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே அது. இதையெல்லாம் செய்ய ஒன்று மட்டும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்: அந்தப் பெண்ணின் ரத்தம் எப்படிப்பட்டது என்பது. 2023 ஜூலை 1 அன்று தொடங்கிய தேசிய அரிவாள் செல் ரத்தசோகை ஒழிப்புத் திட்டம், பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரையுள்ள ஏழு கோடிப் பேரைச் சோதிப்பதை இலக்காக வைத்தது. அட்டப்பாடி போன்ற மலைகளில் ஒரு பெண் கருவுறும் முன்பே அந்தச் சோதனை முடிவு அவர் கையில் இருந்தாக வேண்டும். இதில் தாமதத்தை ஏற்கவே முடியாது.

அரிதான சிக்கல்களைப் பற்றிப் பேசும்போது கேரளத்தின் ஒரு பழக்கத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2004 முதல் அம்மாநில மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு, பிரசவத்தில் நேரும் மரணங்களை ரகசியமாக ஆராய்கிறது. தாயின் பெயர், மருத்துவரின் பெயர், மருத்துவமனையின் பெயர் எல்லாம் நீக்கப்பட்ட கோப்பை மூத்த மருத்துவர்கள் உட்கார்ந்து வாசிப்பார்கள். தண்டிப்பதற்காக அல்ல, எந்த நிமிடத்தில் கை நழுவியது என்று பார்ப்பதற்காக. பிரிட்டன் 1952-இலேயே தொடங்கிய முறை இது. அதை இங்கே முன்னின்று நடத்தியவர் திருச்சூர் மருத்துவர் வி.பி. பைலி. உதிரப்போக்கு நிற்காதபோது, வயிற்றைத் திறக்காமலே கீழ்வழியாகக் கருப்பைத் தமனியைக் கவ்விப் பிடிக்கும் ஒரு கிளாம்பை அவரே வடிவமைத்தார். பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வரை அது அவகாசம் வாங்கித் தருகிறது.

2018–20 கணக்கெடுப்பில் லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்குக் கேரளத்தில் 19 தாய்மார் இறந்தார்கள். தமிழ்நாட்டில் 54, இந்தியா முழுமைக்கும் 97. வழக்கமான காரணங்கள் குறையக் குறைய, மிஞ்சுகிற மரணங்களில் அரிய காரணங்களின் பங்கு கூடுகிறது: பனிக்குட நீர் ரத்தத்தில் கலப்பது, பேறுகால இதயத் தளர்ச்சி, முந்தைய சிசேரியன் தழும்பில் நஞ்சுக்கொடி ஊடுருவிப் பற்றிக்கொள்வது. சராசரி ஓர் எண்தான். 19 என்ற அந்த எண்ணுக்குள் கொச்சியும் இருக்கிறது, கடுகுமண்ணாவும் இருக்கிறது.

இடுக்கியிலும் இதே கதையின் வேறொரு பக்கம். மூணாறுக்கு அப்பால் பெட்டிமுடியைத் தாண்டினால் இடமலைக்குடி. 2010-இல் உருவான, கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சி. முதுவர் குடிகள் காட்டுக்குள் சிதறிக் கிடக்கின்றன. நோயாளியைக் கம்பில் கட்டிய மஞ்சலில் தூக்கிவருவது இங்கே செய்தித்தாள்களுக்குப் பழகிப்போன படம். முதுவர் பேசுவது தமிழுக்கு நெருங்கிய மொழி. மாதவிலக்கின்போதும் பிரசவத்தின்போதும் பெண்கள் தனியே தங்க, குடியை ஒட்டி வாலாய்மைப்புரை என்றொரு குடில் இருக்கும். வெளியாட்கள் எளிதில் நுழையாத அந்தக் குடிலில் ஒருத்திக்குத் தலைவலியும் கண் மங்கலும் மேல்வயிற்று வலியும் வந்தால், அது வலிப்புக்கு முன்னறிவிப்பு என்று உடனிருக்கும் மூத்த பெண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மெக்னீசியம் சல்ஃபேட் ஊசி பேறுகால வலிப்பின் ஆபத்தைப் பாதியாகக் குறைக்கும் என்று 2002-இலேயே பெரிய ஆய்வொன்று காட்டிவிட்டது. விலை குறைவு. முதல் தவணையை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போட்டு அனுப்பலாம்.

மலையை மாற்ற முடியாது, நேரத்தை மாற்றலாம். தமிழ்நாட்டில் மலைப் பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் பேறுகாலக் காத்திருப்பு அறைகள் உண்டு. தேதி நெருங்கும் முன்பே பெண் அங்கே வந்து தங்கிக்கொள்வாள். உதிரப்போக்கு கண்டவரின் கால்களையும் அடிவயிற்றையும் இறுகச் சுற்றி ரத்தத்தை இதயத்துக்கும் மூளைக்கும் திருப்பும் அதிர்ச்சித் தடுப்பு உடையும் தமிழ்நாட்டில் புழக்கத்துக்கு வந்தது. நியோப்ரீனும் வெல்க்ரோவும் மட்டுமே கொண்ட ஒரு துணி அது. மஞ்சல் தூக்கும் ஒவ்வொரு குடிக்கும் அருகே அது ஒன்று இருக்க வேண்டும்.

எல்லையும் குறுக்கே நிற்கலாகாது. அட்டப்பாடியின் கிழக்கு ஊர்களுக்குக் கோவை அரசு மருத்துவமனையும், குமுளிப் பக்கத்தவருக்குத் தேனி மருத்துவக் கல்லூரியும் கைக்கெட்டும் இடங்கள். அந்தப் பெண்ணின் ரத்த வகை, அரிவாள் சோதனை முடிவு, முந்தைய பிரசவ விவரம் எல்லாம் இரண்டு மாநில மருத்துவர்களும் வாசிக்கும் ஓர் அட்டையில் இருந்தால், ஆனைகட்டிப் பாலத்தைக் கடக்கும்போதே மறுமுனையில் ரத்தம் எடுத்துவைக்க முடியும்.

ஜூன் 19 உலக அரிவாள் செல் நோய் நாள். அதே வாரங்களில்தான் தென்மேற்குப் பருவமழை இந்த மலைகளில் வலுக்கிறது. குளிர் வலியைத் தூண்டும், ஓடைகள் பெருகும், பாதை வழுக்கும். ஆடியில் பிள்ளை பெறவிருக்கும் பெண்ணின் வீட்டுக்கு ஆஷா பணியாளரும் பழங்குடிப் புரமோட்டரும் வைகாசியிலேயே போக வேண்டும். அவளோடும் மாமியாரோடும் ஊர்த் தலைவரான மூப்பனோடும் பேசி, எந்த வண்டி, எந்த மருத்துவமனை, ரத்தம் கொடுக்க யார் உடன் வருவார் என்று முடிவுசெய்து, ஆனி பிறக்கும்போது அவளைக் கீழே கூட்டிவந்துவிட வேண்டும்.