தோலைக் காக்கும் தகடு

மார்பு எக்ஸ்ரே எடுக்கப் போகிறவர் கண்ணில் குழாயும் பலகையும் படும். கதிர் வெளியேறும் வாயிலில் பொருத்தியிருக்கும் அலுமினியத் தகடு படாது. அதைக் கழற்றிவிட்டாலும் படம் வரும். ஆனால் நோயாளியின் தோல் வீணாகக் கதிர்வீச்சை வாங்கிக்கொள்ளும்.

குழாயிலிருந்து புறப்படுவது ஒரே தரமான கதிர் அன்று. 80 கிலோவோல்ட் மின்னழுத்தத்தில் பாய்ந்துவரும் எலெக்ட்ரான்கள் டங்ஸ்டனில் மோதும்போது, 80 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் வரை பல ஆற்றல்களில் எக்ஸ் கதிர்கள் கலந்து பிறக்கின்றன. ஆற்றல் மிகுந்தவை உடலை ஊடுருவிப் படத்தைத் தருகின்றன. ஆற்றல் குறைந்தவை தோலோடும் அதையொட்டிய தசையோடும் நின்றுவிடுகின்றன. படத்துக்கு அவற்றால் எந்தப் பயனும் இல்லை.

உலோகத்துக்கு உலோகம் இந்தக் கதிரை உறிஞ்சும் திறன் மாறும். இதை முதலில் கவனித்தவர், எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்த வில்ஹெல்ம் ரோன்ட்ஜன்தான். 15 மில்லிமீட்டர் அலுமினியத்தைக் கடந்தும் கதிர் ஓரளவு வந்தது, 1.5 மில்லிமீட்டர் ஈயமே அதை ஏறக்குறைய முழுதாகத் தடுத்துவிட்டது என்று 1895 இறுதியில் எழுதினார். அணுவின் உள்வட்ட எலெக்ட்ரான் கதிரின் ஆற்றலை முழுவதும் வாங்கிக்கொண்டு வெளியே பாய்வதே இந்த உறிஞ்சலின் முக்கிய வழி. இதற்கான வாய்ப்பு, அணு எண்ணின் மும்மடியை ஒட்டி உயர்கிறது. அலுமினியத்தின் அணு எண் 13, ஈயத்தின் அணு எண் 82. கதிரின் ஆற்றல் இருமடங்கானால் அதே வாய்ப்பு சுமார் எட்டில் ஒரு பங்காகச் சரிகிறது.

அலுமினியத் தகட்டின் பயன் இங்கேதான். வலுவற்ற கதிர்களை அது பிடித்து நிறுத்தி, வலுவானவற்றைப் போகவிடுகிறது. 70 கிலோவோல்ட்டுக்கு மேல் இயங்கும் குழாய்களில், குழாய்க் கண்ணாடியின் பங்கையும் சேர்த்து, குறைந்தது 2.5 மில்லிமீட்டர் அலுமினியத்துக்கு ஈடான வடிகட்டல் இருக்க வேண்டும். குழந்தைகளுக்குப் படம் எடுக்கையில் மெல்லிய செம்புத் தகட்டையும் கூடுதலாகச் சேர்ப்பதுண்டு.

மேமோகிராமில் வேலை இன்னும் நுட்பமானது. மார்பகத் திசுக்களுக்குள் வேறுபாடு மிகக் குறைவு என்பதால் அங்கே தாழ்ந்த ஆற்றலே வேண்டும். பல கருவிகளில் இதற்கு 0.03 மில்லிமீட்டர் மாலிப்டினம் வடிகட்டியாகிறது. 20 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டியதும் மாலிப்டினத்தின் உறிஞ்சும் திறன் சட்டென்று எகிறுகிறது. மிகத் தாழ்ந்த ஆற்றலும் மிக உயர்ந்த ஆற்றலும் கழிந்து, இடைப்பட்டதே பெரும்பாலும் மிஞ்சுகிறது.

இந்திய அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் கேட்கும் தரச் சோதனைகளில் வடிகட்டலின் அளவும் ஒன்று. ஒவ்வொரு எக்ஸ்ரே மையமும் இந்தச் சோதனையைத் தவறாமல் செய்ய வேண்டும்; குறிப்பாக, குழாயைப் பழுதுபார்த்து மீண்டும் பொருத்தும்போது.