இயக்குதளமும் செயலிக் கட்டமைப்பும்: எந்தப் பதிப்பைப் பதிவிறக்குவது?

செயலி ஒவ்வொன்றும் தனக்குரிய கட்டளைத் தொகுதியை மட்டுமே புரிந்துகொள்ளும். அந்தத் தொகுதியின் அமைப்பே செயலிக் கட்டமைப்பு எனப்படுகிறது. இதனால்தான் ஒரே இயக்குதளம் பல கட்டமைப்புகளுக்குத் தனித்தனிப் பதிப்புகளாக வெளியிடப்படுகிறது. பொருந்தாத பதிப்பைப் பதிவிறக்கினால் கணினி அதிலிருந்து தொடங்கவே தொடங்காது. இக்கட்டுரை டெபியன் லினக்சை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது.

பெயர்க் குழப்பம்

டெபியனின் பதிவிறக்கப் பக்கத்தில் ஏஎம்டி64 என்ற பெயரைக் கண்டு, "என்னுடையது இன்டெல் கணினி ஆயிற்றே" என்று தயங்குவோர் பலர். தயங்க வேண்டாம். 32 பிட் இன்டெல் கட்டமைப்பை 64 பிட்டுக்கு விரித்து முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது ஏஎம்டி நிறுவனம் (2003). அடுத்த ஆண்டே இன்டெலும் அதை ஏற்றது. ஆகவே பெயர் ஏஎம்டியுடையது என்றாலும் இருவரின் செயலிகளுக்கும் அந்தப் பதிப்பே. இதையே வேறு சில வெளியீடுகள் எக்ஸ்86-64 என்று எழுதும்.

இன்டெல் என்பதால் ஐஏ64 என்பதைத் தேர்ந்தெடுத்தவர்களும் உண்டு. அது இட்டானியம் என்ற வேறொரு வழங்கிச் செயலிக்குரியது. டெபியன் 2015இல் 8ஆம் பதிப்போடு அதைக் கைவிட்டது. ஐ386 என்பது 1985இல் வந்த 80386 செயலியின் பெயரால் வழங்கும் 32 பிட் பதிப்பு. வேடிக்கை என்னவென்றால், பிற்கால ஐ386 பதிப்புகள் அந்தப் பழைய 386 செயலியில் ஓடா.

செயலியா, நிறுவியிருக்கும் தளமா?

பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நேர்கின்றன. 64 பிட் எக்ஸ்86 செயலியில் 32 பிட் இயக்குதளமும் ஓடும். எனவே இப்போது ஓடுவது 32 பிட் தளம் என்பதால் செயலியும் 32 பிட் என்று ஆகிவிடாது. ஓய்வுக்குப் பின் நான் உதவிக்குச் சென்ற ஒரு படிப்பகத்தில், "இது 32 பிட் மெஷின்" என்று சொல்லி ஒரு கணினியைப் பழைய சாமான் கடைக்கு ஒதுக்கி வைத்திருந்தார்கள். திறந்து பார்த்தால் கோர் 2 டூயோ. முழுமையான 64 பிட் செயலி! அதற்குச் சற்று முன் வந்த கோர் டூயோவோ 32 பிட் மட்டுமே. இடையிலுள்ள ஓர் எண்தான் வேறுபாடு.

விண்டோசில், அமைப்புகள் பகுதியில் கணினியைப் பற்றிய பக்கத்தில் "சிஸ்டம் டைப்" என்ற வரி இருக்கும். அதன் முற்பகுதி இயக்குதளத்தையும், பிற்பகுதி செயலியையும் குறிக்கும். பிற்பகுதியில் எக்ஸ்64 என்றிருந்தால் ஏஎம்டி64 பொருந்தும். லினக்சில் எல்-எஸ்-சி-பி-யு என்ற கட்டளையைத் தட்டினால், செயலி எந்தெந்த முறைகளில் இயங்கும் என்று காட்டும்.

இன்று இந்தச் சோதனை கட்டாயமாகிவிட்டது. உபுண்டு 17.10 (2017) முதல் 32 பிட் மேசைக்கணினிப் பதிப்பு இல்லை. விண்டோஸ் 11 64 பிட்டில் மட்டுமே வருகிறது. டெபியன் 13உம் (2025) ஐ386க்கான நிறுவியை நிறுத்திவிட்டது. செயலியைப் பாராமல் முடிவெடுத்தால் நல்ல கணினியும் குப்பைக்குப் போகும்.

நினைவகம்

32 பிட் முகவரியால் 4,294,967,296 பைட்டுகளை, அதாவது 4 ஜிபியை, மட்டுமே சுட்ட முடியும். நீட்சி முறைகள் இருந்தாலும் தனியொரு நிரலுக்கான வரம்பு நீங்காது. 64 பிட் தளம் சற்றுக் கூடுதல் நினைவகம் கேட்கும் என்பது உண்மையே. ஆயினும் 2 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள கணினியில் ஏஎம்டி64 பதிப்பையே நான் பரிந்துரைப்பேன்.

ஆர்ம் செயலிகள்

ராஸ்பெர்ரி பை, ஆப்பிளின் எம் வரிசைக் கணினிகள் ஆகியவற்றின் ஆர்ம் செயலிகள் வேறு குடும்பம். ஏஎம்டி64 பதிப்பு அவற்றில் தொடங்காது. ராஸ்பெர்ரி பை 3 (2016) முதல் 64 பிட் தளம் இயலும். 2012இன் முதல் பலகை டெபியனின் ஆர்ம்எச்எஃப் பதிப்புக்கும் எட்டாத பழைய வகை. அதற்காகவே ராஸ்பியன் தனியே தொகுக்கப்பட்டது.

மாறும் முன்

விண்டோசில் 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்கு நேரடியாக மேம்படுத்த வழியில்லை. புதிதாக நிறுவ வேண்டும். கோப்புகளை முதலில் வேறிடத்தில் படியெடுத்துவிடுங்கள். பழைய அச்சுப்பொறி இருந்தால் அதற்கு 64 பிட் இயக்கி கிடைக்கிறதா என்றும் பாருங்கள். 32 பிட் இயக்கிகளை 64 பிட் விண்டோஸ் ஏற்காது.