ஸ்வீட் ஏஞ்சலுக்கு அரைக் கிலோ

என் அண்ணி இட்லிப்பொடி அரைத்து விற்கிறார். அவருடைய ஆர்டர் நோட்டைப் பிரித்தால் 'ஸ்வீட் ஏஞ்சல் - அரைக் கிலோ, காரம் கம்மி', 'கோவை டீச்சர் - கறிவேப்பிலைப் பொடி கால் கிலோ' என்று போகும். போன் நம்பர் ஒன்றுகூட இருக்காது. பேச்சு, பேரம், முகவரி எல்லாம் சமூக வலைத்தளப் பக்கத்தின் இன்பாக்ஸில்தான். ஒருநாள் காலையில் 'விதிமீறல்' என்ற ஒற்றை வரியோடு அந்தக் கணக்கு முடங்கியது. எந்த விதி, எந்தப் பதிவு என்று சொல்லவில்லை. ஆறு வருஷ வாடிக்கை வெறும் பட்டப்பெயர்களாக நோட்டில் மிஞ்சியது.

செல்போனில் இந்தக் கதி இல்லை. 2011 ஜனவரியிலிருந்து நாடு முழுக்க, 'போர்ட்' என்று தொடங்கி எண்ணைச் சேர்த்து 1900க்கு ஒரு எஸ்.எம்.எஸ். தட்டி, பதிலில் வரும் குறியீட்டைப் புது கம்பெனியிடம் கொடுத்தால் போதும், கம்பெனி மாறும், நம்பர் மாறாது. சமூக வலைத்தளத்தில் தனியுரிமைக்கென்று எத்தனை பொத்தான் வைத்தாலும், சேர்த்த ஆட்களோடு வெளியேற வழியில்லை என்றால் கட்டுப்பாடு நம் கையில் இல்லை என்றே சொல்வேன்.

'நம்ம ஊர் கம்பெனி நடத்தினால் சரியாகிவிடுமே' என்பார்கள். 2020இல் சுதேசிப் பெருமையோடு வந்த 'கூ' என்ற சமூக வலைத்தளம், 2024 ஜூலையில் கடையை மூடியது. முதலாளி எந்த ஊர்க்காரராக இருந்தாலும் ஒற்றைச் சாவி அவரிடம்தானே?

சாவியைப் பலரிடம் பிரித்துக் கொடுத்துப் பார்த்த முயற்சி மாஸ்டடான். 2016இல் ஜெர்மனியில் யூஜென் ரோக்கோ தொடங்கினார். ஜிமெயில்காரர் யாஹூகாரருக்கு மெயில் அனுப்புவதுபோல, ஒரு சர்வரில் இருப்பவர் வேறு சர்வரில் இருப்பவரைப் பின்தொடரலாம். சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பொது மொழியான ஆக்டிவிட்டிபப்பை, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி 2018இல் அங்கீகரித்தது. மென்பொருள் திறந்த மூலம். யாரும் சர்வர் நடத்தலாம். அந்த சர்வர்காரரைப் பிடிக்கவில்லையா? வேறு சர்வரில் கணக்குத் தொடங்கி, அதில் பழைய முகவரியைக் குறித்துவிட்டு, பழைய கணக்கில் 'இடமாற்றம்' கொடுத்தால் பின்தொடர்பவர்கள் தாமாகவே அங்கே சேர்ந்துவிடுவார்கள். 2022 டிசம்பரில் ட்விட்டர், மாஸ்டடானுக்கான இணைப்புகளைப் பகிரவே தடைபோட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கியது. வாசல் திறந்த வீடு பக்கத்தில் இருப்பது பூட்டிய வீட்டுக்காரருக்கு உறுத்தத்தான் செய்யும்.

ஆனால் இதுவும் சொர்க்கமில்லை. ஆட்கள் கூட வருவார்கள்; பழைய பதிவுகள் வராது. இடம் மாறும் நேரத்தில் பழைய சர்வர் உயிரோடு இருக்கவேண்டும். தனிச்செய்தியை சர்வர் நடத்துபவர் நினைத்தால் படித்துவிடலாம். வங்கி விவரத்தை அதில் எழுதாதீர்கள். இன்னொன்று, இணைய முகவரியும் வாடகைதான். ஆப்கானிஸ்தானுக்குரிய 'ஏஎஃப்' என்று முடியும் முகவரியில் நடந்த 'குயர்' சர்வரின் முகவரியை 2024 பிப்ரவரியில் தாலிபான் அரசு முடக்கியது. நண்பர்கள் கூடித் தமிழுக்கென்று சர்வர் போட நினைத்தால் முகவரி எந்த நாட்டுக்குரியது என்று முதலில் பாருங்கள். சர்வர் போட்டதும் நீங்கள் சட்டப்படி 'இடையீட்டாளர்'; குறைதீர்ப்பு அலுவலரை நியமித்து, அவர் பெயரை வெளியிட வேண்டும்.

அந்த அலுவலர் பெரிய தளங்களுக்கும் உண்டு. அண்ணிக்கு இது தெரியாது. ஆப்பில் இருந்த 'மறுபரிசீலனை' பொத்தானையே நாள்கணக்காக அமுக்கிக்கொண்டிருந்தார். 2021ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, குறைதீர்ப்பு அலுவலருக்கு நேரடியாகப் புகார் அனுப்பலாம். வந்து சேர்ந்ததாக 24 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புகை தரவேண்டும். பதிலில் திருப்தி இல்லையென்றால், அது கிடைத்த 30 நாட்களுக்குள் மத்திய அரசின் குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவுக்கு ஆன்லைனிலேயே முறையிடலாம். முடக்கம் பற்றிய அறிவிப்பை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், தேதி தெரியும்படி.

ஐரோப்பாவில் 2018 மே மாதம் முதல், தன் தரவை எடுத்துக்கொண்டு வேறு சேவைக்குப் போவது சட்ட உரிமை. நம்முடைய 2019 தரவுப் பாதுகாப்பு மசோதாவிலும் அது இருந்தது. நிறைவேறிய 2023 சட்டத்தில் காணோம். தரவைத் திருத்தச் சொல்லும் உரிமை, அழிக்கச் சொல்லும் உரிமை, ஏன், இறந்தபின் நம் சார்பில் இவற்றைக் கேட்க ஒருவரை நியமிக்கும் உரிமைகூட அதில் உண்டு. உயிரோடு இருக்கும்போது மூட்டை கட்டிக்கொண்டு கிளம்ப மட்டும் இல்லை.

அந்த உரிமை வரும்வரை கையால் ஆனதைச் செய்யவேண்டியதுதான். பெரும்பாலான தளங்களின் அமைப்புகளில் 'உங்கள் தகவலைப் பதிவிறக்கு' என்று ஓரிடம் இருக்கும்; அதை மாதம் ஒருமுறை இறக்கி வையுங்கள். தொழில் செய்பவர்கள் வாடிக்கையாளரின் போன் நம்பரை, அவரைக் கேட்டே, தனியாக எழுதிக்கொள்ளுங்கள். அண்ணி தன் புது நோட்டில் நம்பருக்கென்று கோடு கிழித்து ஒரு பத்தி விட்டிருக்கிறார். கோவை டீச்சர் எப்படியோ விசாரித்து வந்து சேர்ந்துவிட்டார். ஸ்வீட் ஏஞ்சல் யாரென்றுதான் இன்னும் தெரியவில்லை.