இயந்திரத் தகைவும் டி.என்.ஏ. சேத எதிர்வினையும்

அழுத்துதல், இழுத்தல், நெருக்குதல் போன்ற விசைகளால் உயிரணுவில் உண்டாவது இயந்திரத் தகைவு ஆகும். டி.என்.ஏ.வில் ஏற்படும் முறிவுகளைக் கண்டறிந்து, உயிரணுப் பிரிவைத் தற்காலிகமாக நிறுத்தி, முறிவுகளைச் சரிசெய்யும் புரதங்களின் கூட்டுச் செயற்பாடு டி.என்.ஏ. சேத எதிர்வினை எனப்படும். கதிர்வீச்சும் புகையிலை நச்சும் டி.என்.ஏ.வைச் சிதைக்கும் என்பது பலரும் அறிந்ததே. குறுகிய வழியொன்றைக் கடப்பதும் அதைச் சிதைக்கக்கூடும் என்பதைப் புற்றுநோய் ஆய்வுகள் காட்டியுள்ளன.

பின்னணி

புற்றுநோய் இறப்புகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம், நோய் பிற உறுப்புகளுக்குப் பரவுவதே. பரவும் உயிரணு கொலாசன் நார்களுக்கு இடையிலும் குருதிக்குழாய்ச் சுவரிலும் உள்ள இடுக்குகளில் நுழைந்து செல்ல வேண்டும். சைட்டோபிளாசம் எளிதில் வளைந்து கொடுக்கும். உயிரணுவின் மிகப் பெரிய, விறைப்பான பகுதியான உட்கரு அவ்வாறு வளையாது. தன் அகலத்தைவிடச் சிறிய துளையில் புகும்போது அது பிதுங்கி உருமாறுகிறது.

சேதம் ஏற்படும் விதம்

பிதுங்கும் உட்கருவின் உறை சில இடங்களில் கிழிகிறது. அப்போது உள்ளே இருக்க வேண்டிய புரதங்கள் வெளியே கசிகின்றன. வெளியே இருக்க வேண்டியவை உள்ளே புகுகின்றன. டி.என்.ஏ.வைச் செரிக்கும் டிரெக்ஸ்1 என்ற நொதி இவ்வாறு உள்ளே புகுந்து அதை வெட்டக்கூடும். பழுதுநீக்கும் புரதங்கள் வெளியேறிவிடுவதால் முறிவுகள் சரிசெய்யப்படாமலும் நிற்கலாம். உறை கிழியாதபோதும், உருமாற்றம் டி.என்.ஏ. நகலெடுப்புக்கு இடையூறாகி முறிவை உண்டாக்கலாம்.

உயிரணுவின் தற்காப்பு

எஸ்கார்ட்-3 என்னும் புரதத் தொகுதி கிழிந்த உறையை விரைந்து மூடுகிறது. ஏ.டி.எம். புரதம் டி.என்.ஏ.வின் ஈரிழை முறிவுகளை உணர்ந்து பழுதுநீக்கத்தைத் தூண்டுகிறது. டி.என்.ஏ. சேதத்தை உணரும் மற்றொரு புரதமான ஏ.டி.ஆர்., இயந்திரத் தகைவின்போது உட்கரு உறைக்கு விரைகிறது என 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. தோலின் மூல உயிரணுக்களை இழுத்துப் பார்த்த 2020ஆம் ஆண்டு ஆய்வில், குரோமாட்டின் இளகி உட்கருவை மென்மையாக்குவதும் அதன் மூலம் டி.என்.ஏ. காக்கப்படுவதும் கண்டறியப்பட்டன.

முக்கிய ஆய்வுகள்

2016இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகக் குழுவும் பாரிசின் கியூரி நிறுவனக் குழுவும் தனித்தனியே இந்நிகழ்வைச் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டன. நுண்ணிய செயற்கைக் குழாய்களின் வழியே நகரும் உயிரணுக்களை அவை நுண்ணோக்கியில் கண்காணித்தன. உறையை மூடும் திறனும் டி.என்.ஏ.வைச் சரிசெய்யும் திறனும் ஒருங்கே தடுக்கப்பட்டபோது, இடுக்கைக் கடந்த உயிரணுக்கள் பல இறந்தன.

மருத்துவ முக்கியத்துவம்

இச்சேதத்துக்கு இரு விளைவுகள் உண்டு. முறிவுகள் மிகுந்தால் உயிரணு இறக்கும். பிழையோடு சரிசெய்யப்பட்டால் அது புதிய மரபணு மாற்றங்களோடு பிழைத்து, மருந்துக்குக் கட்டுப்படாத வகையாக மாறக்கூடும். பழுதுநீக்கத்தைத் தடுக்கும் ஒலாபரிப் போன்ற மருந்துகள் சில மார்பக, சினைப்பைப் புற்றுநோய்களுக்கு ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளன. ஆனால் நோய் எதிர்ப்பு உயிரணுக்களும் இத்தகைய இடுக்குகளைக் கடந்தே பணியாற்றுகின்றன. ஆகவே அவற்றைக் கெடுக்காமல், பரவும் புற்றுநோய் உயிரணுவின் பழுதுநீக்கத்தை மட்டும் தடுப்பதே இத்துறையின் முதன்மைச் சவாலாகும்.